சபையில் பேசப் பழகுவோம்

காணியைப் பிரிந்த குடும்பம் அதனை மீளப் பெறுவதற்கு எத்தனையோ வாசற்படிகளில் ஏறி இறங்க வேண்டியுள்ளது. கிராம அலுவலர், பிரதேச செயலகம், கமநல சேவை நிலையம், ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டம், விசாரணைக் குழு என்று இவை நீளுகின்றன. எல்லா இடத்திலும் எம்மிடம் சொல்லப்படுவது ஒன்றே: "உங்கள் பிரச்சினையைச் சொல்லுங்கள்." அந்த வேளையில்தான் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. பல வருடத் துயரம் மூன்று நிமிடத்துக்குள் அடங்க மறுக்கிறது.

2010ஆம் ஆண்டில் நியமிக்கப்பட்ட கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன்பும், 2016இல் நல்லிணக்கப் பொறிமுறைகள் பற்றிய கலந்தாலோசனைச் செயலணியின் முன்பும் எமது மக்கள் பலர் பேசினர். 2017 ஜனவரி இறுதியில் கேப்பாப்புலவு பிலவுக்குடியிருப்பில் தொடங்கிய காணி மீட்புப் போராட்டத்தில் பெண்களே முன்னின்றனர். மார்ச் முதலாம் திகதி அவர்களது காணிகள் விடுவிக்கப்பட்டன. உறுதியோடு நின்றதுடன், தங்கள் கோரிக்கையைத் தெளிவாகச் சொல்லவும் அவர்கள் அறிந்திருந்தனர்.

"பேச்சு பிறவியிலே வரவேண்டும்" என்று எம்மவர் சொல்வதுண்டு. அது முழு உண்மையன்று. திக்குவாயன் என்று தன்னைச் சொல்லிப் பின்வாங்கிய மோசேயைத்தான் இறைவன் பார்வோனிடம் அனுப்பினார். துணைக்கு ஆரோனையும் கொடுத்தார். திருக்குறளில் சொல்வன்மை, அவையறிதல், அவையஞ்சாமை என மூன்று அதிகாரங்கள் உள்ளன. கற்றுக்கொள்ள முடியாத ஒன்றைப் பற்றி வள்ளுவர் முப்பது குறள் எழுதியிருக்கமாட்டார். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர் 1847 டிசெம்பர் 31ஆம் திகதி வண்ணார்பண்ணைச் சிவன் கோவிலில் தமது பிரசங்கத்தைத் தொடங்கினார். கிறிஸ்தவ மிஷனரிமாரின் பிரசங்க முறையை அருகிருந்து கண்டு, அதனைத் தம் சமயப் பணிக்கு அவர் பயன்படுத்திக்கொண்டார். பேச்சு ஒருவரைப் பார்த்து மற்றவர் பழகும் கலை.

இணையவழியில் பேச்சுக் கல்வி

2020இல் கொரோனாவினால் வகுப்பறைகள் மூடப்பட்டபின் இணையவழிப் படிப்பு எமது பிள்ளைகளுக்கும் பழக்கமாயிற்று. மேடைப் பேச்சையும் பல கல்லூரிகள் இவ்வழியிற் கற்பிக்கின்றன. மேடையே இல்லாமல் மேடைப் பேச்சா என்று கேட்கலாம். அவர்கள் செய்வது இதுதான். மாணவர் ஒரு சிறு பாடத்தைப் படிக்கிறார். பின்பு வீட்டில் நின்று பேசி, அதனை இடையில் வெட்டாமல் ஒளிப்பதிவு செய்து அனுப்புகிறார். ஆசிரியரும் சக மாணவரும் பார்த்துக் குறைநிறை சொல்கின்றனர். அதைத் திருத்தி மாணவர் மறுபடி பேசுகிறார். வளர்ந்தவர்கள் சிலரையாவது முன்னால் இருத்தியே பேசவேண்டும் என்று விதிக்கும் கல்லூரிகளும் உண்டு. கமெராவுக்குக் கண் இருந்தாலும் முகம் இல்லை என்பதே காரணம்.

இம்முறையின் பெரிய நன்மை, நம்மை நாமே பார்ப்பது. "வந்து, வந்து" என்று எத்தனை தடவை சொல்கிறோம், எந்த இடத்தில் குரல் இறங்குகிறது, யாரைப் பாராமல் நிலத்தைப் பார்க்கிறோம் என்பவற்றை ஒருவரும் சொல்லாமலே கண்டுகொள்கிறோம். குறைபாடும் உண்டு. இடைமறிக்கும் அதிகாரியையும், கடதாசி புரட்டிக்கொண்டே கேட்பவரையும் கைத்தொலைபேசி காட்டாது. அதற்கு அயலவர்தான் வேண்டும்.

ஒரு கைத்தொலைபேசியுடன் ஒரு மாலை

இதற்குக் கல்லூரியும் கட்டணமும் அவசியமில்லை. மாதர் சங்கத்திலோ கமக்கார அமைப்பிலோ ஐந்தாறு பேர் சேர்ந்தால் போதும். பதிவுசெய்து அங்கேயே பார்ப்பதற்கு இணையமும் தேவையில்லை.

1. ஒவ்வொருவரும் மூன்று நிமிடம் நின்று பேசட்டும். ஒருவர் நேரம் பார்க்கட்டும்.

2. பதிவை எல்லாரும் பார்க்கட்டும். முதலில் நல்லதொன்றைச் சொல்லி, பின்பு திருத்தவேண்டிய ஒன்றை மட்டும் சொல்லுங்கள். பத்துக் குறைகளை ஒருமிக்கச் சொன்னால் அடுத்த முறை அவர் வரமாட்டார்.

3. இரண்டாம் முறை பேசும்போது ஒருவர் அதிகாரியாக இருந்து குறுக்கே கேள்வி கேட்கட்டும்.

4. முடிந்ததும் பதிவை அழித்துவிடுங்கள். காணி விபரமும் குடும்பக் கதையும் உள்ள பதிவு வட்ஸ்அப் குழுக்களில் சுற்றக்கூடாது.

எதைச் சொல்வது?

"எங்களுக்கு எல்லாம் போச்சு, எங்களை ஒருவரும் பார்ப்பதில்லை" என்பது உண்மைதான். ஆனால் கேட்பவர் தலையை ஆட்டிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுவார். அவர் செய்யவேண்டியது என்ன என்று அதில் இல்லை. இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "நாங்கள் 1990 ஜூனில் இடம்பெயர்ந்தோம். எங்களுக்கு இரண்டு ஏக்கர் வயல் உண்டு. அனுமதிப்பத்திரப் பிரதி இது. எல்லைக் கல் இப்போது இல்லை. நில அளவையாளர் வரும் திகதியை எங்களுக்கு எழுத்தில் தரவேண்டும்."

யார், எப்போது, எவ்வளவு, என்ன ஆதாரம், என்ன கோரிக்கை என்ற ஐந்தும் இதில் அடங்கிவிட்டன. கோரிக்கை ஒன்றாக இருக்கட்டும். எதிரே இருப்பவரின் அதிகாரத்துக்கு உட்பட்டதாகவும் இருக்கட்டும். பிரதேச செயலாளர் தரக்கூடியதை அவரிடமும், மேலிடம் தரவேண்டியதை மேலிடத்திலும் கேட்பதே முறை. பேச்சுக்கு இடையில் அழுகை வந்தால் வெட்கப்பட வேண்டியதில்லை. ஒரு மிடறு தண்ணீர் குடித்து, விட்ட இடத்திலிருந்து தொடருங்கள். திகதிகளைச் சிறு கடதாசியில் எழுதிக் கையில் வைத்திருந்தால் அந்த இடம் எளிதில் அகப்படும்.

கூட்டம் முடிந்தபின்னும் வேலை உண்டு. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்படி, எமது கோரிக்கை பற்றி எடுத்த முடிவைத் தரும்படி தகவல் அலுவலரிடம் விண்ணப்பிக்கலாம். எழுத முடியாதவர் வாயாற் கேட்டாலும் போதும். அதை எழுத்தில் பதிவது அந்த அலுவலரின் கடமை. பேசத் தெரிந்த எளியவருக்கு இச்சட்டம் நல்லதொரு துணை.

ஒன்றை மறவாதிருப்போம். பேச்சு வராதவரின் உரிமை எவ்விதத்திலும் குறைந்ததல்ல. நன்றாகப் பேசுவோர் கூட்டத்தைத் தமதாக்கிக்கொண்டால், தனியாகக் குடும்பத்தைச் சுமக்கும் பெண்ணும் முதியவரும் பின்வாங்கிலேயே இருந்துவிடுவர். ஆரோனைப் போல அருகில் நிற்பதும் பேசத் தெரிந்தவரின் கடமையே. அடுத்த ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்துக்கு முன் ஒரு மாலையை இதற்கென ஒதுக்குங்கள். இதுவரை ஒரு சபையிலும் வாய் திறவாதவரை அன்று முதலில் பேச அழையுங்கள்.