உங்க ஆபீஸ் எந்த அளவுக்கு 'விர்ச்சுவல்'? அளந்து பார்த்த இன்டெல் ஆய்வு!

வீட்டிலிருந்து வேலை பார்த்தால் 'விர்ச்சுவல்', ஆபீஸுக்குப் போனால் இல்லை. பலரும் இப்படித்தான் நினைக்கிறோம். ஆனால், தினமும் ஆபீஸுக்குப் போய், நேரில் ஒரு முறைகூடப் பார்க்காத டீம் லீடருடன் நாள் முழுக்க வேலை பார்ப்பவர்களை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

இதற்கு விடை தேடிய ஆய்வு ஒன்று 2005-ல் வெளியானது. கேத்தரின் சுடோபா உள்ளிட்ட நான்கு ஆய்வாளர்கள், இன்டெல் நிறுவன ஊழியர்களிடம் சர்வே எடுத்து, 'விர்ச்சுவல்' தன்மையை அளக்க ஒரு குறியீட்டை உருவாக்கினார்கள்.

ஆறு இடைவெளிகள்

இடம், நேரம், கலாசாரம், வேலை செய்யும் முறை, நிறுவனம், தொழில்நுட்பம். இந்த ஆறில் எத்தனை இடைவெளிகளைத் தாண்டி வேலை நடக்கிறது என்பதே கேள்வி.

நேரத்தையே எடுத்துக்கொள்வோம். கலிபோர்னியாவில் காலை 9 மணி என்றால், நமக்கு இரவு 9.30, அங்கே குளிர்காலம் என்றால் 10.30. அங்கே காலை மீட்டிங், இங்கே குழந்தையைத் தூங்கவைக்கும் நேரம்!

தூரம் பிரச்னையா?

இங்கேதான் ஆச்சர்யம். டீம் ஆட்கள் வெவ்வேறு ஊர்களில் இருப்பது மட்டுமே வேலையைக் கெடுக்கவில்லை என்பது ஊழியர்களின் பதில்களில் தெரிந்தது. ஆளுக்கொரு வழக்கம், டீமுக்கு ஒரு மென்பொருள் என்று வேலைமுறை மாறிக்கொண்டே இருப்பதும், ஊழியர்கள் ஒரே இடத்தில் இல்லாமல் இடம் மாறி மாறி வேலை பார்ப்பதும்தான் பாதித்தன. வேலைமுறை முன்கூட்டியே தெரிந்ததாக இருந்தால், சக ஊழியர்களுடன் பழக்கமும் இருந்தால், அந்தப் பாதிப்பு குறைந்தது.

வேலையில் சேரும் முன் கேளுங்கள்

* வழக்கமான மீட்டிங் எத்தனை மணிக்கு? அசௌகர்யமான நேரம் எல்லா நாட்டினருக்கும் சுழற்சியில் வருமா, நமக்கு மட்டுமா?
* ஒரே நேரத்தில் எத்தனை டீம்களில் இருக்க வேண்டும்?
* தகவல் பரிமாற்றம் எந்த ஆப்பில்? எல்லா டீமுக்கும் அதுதானா?
* முடிவுகளை எழுதிவைக்கும் பழக்கம் உண்டா?
* டீமில் உள்ளவர்கள் நேரிலோ, வீடியோவிலோ வேலை தாண்டிப் பேசிக்கொள்வார்களா?

'வொர்க் ஃப்ரம் ஹோம் உண்டா?' என்று கேட்பதோடு நிறுத்திவிடாதீர்கள். உங்கள் இரவுச் சாப்பாடு குடும்பத்தோடா, லேப்டாப்போடா என்பது, மேலே உள்ள கேள்விகளுக்கான பதில்களில்தான் இருக்கிறது!