ஓயாமல் கத்தினால் யார் காதில் விழும்?

சேந்தமங்கலம் வட்டாரத்தில் வயலுக்கு அடிக்கும் பூச்சி மருந்து உடம்பில் ஏறி மூச்சு முட்டுகிறவரை 108 வண்டி நாமக்கல்லுக்கோ சேலத்துக்கோ தூக்கிக்கொண்டு ஓடும். ஐ.சி.யு.வில் அவரைச் சுற்றி வென்டிலேட்டர், மானிட்டர், மருந்து ஏற்றும் பம்ப் என்று ஒவ்வொன்றும் ஒரு குரலில் கத்தும். அந்த நஞ்சுக்கு முறிவாகக் கொடுக்கும் அட்ரோபின் இதயத்துடிப்பை வேகப்படுத்தும். அது மருந்தின் குணம். ஆனால் மானிட்டரின் மேல்வரம்பு 120 என்று வந்தபடியே கிடந்தால், துடிப்பு 125-ஐத் தொடும்போதெல்லாம் அது கூவும். மருத்துவர் எதிர்பார்த்த மாற்றத்தையே ஆபத்து என்று இரவெல்லாம் அறிவிக்கும் இயந்திரத்தை எந்த சிஸ்டர் எவ்வளவு நேரம் நம்புவார்? லாரிகளின் ஊரான நாமக்கல்லில் சாலையோரம் கடை வைத்திருப்பவர் ஒவ்வொரு ஏர் ஹாரனுக்குமா திரும்பிப் பார்க்கிறார்? அது அலட்சியம் அல்ல. காது தன்னைக் காத்துக்கொள்ளும் வழி.

வசதி மிகுந்த மருத்துவமனைகளும் இதற்குத் தப்பவில்லை. சான் பிரான்சிஸ்கோவின் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 5 ஐ.சி.யு.க்களின் 77 படுக்கைகளை 31 நாட்கள் கவனித்து 2014-இல் வெளியிட்ட கணக்கில், 25 லட்சத்துக்கும் மேற்பட்ட எச்சரிக்கைகள் பதிவாகியிருந்தன. காதில் விழும்படி ஒலித்தவை மட்டும் படுக்கைக்கு நாளொன்றுக்கு 187. துடிப்புக் கோளாறு என்று அறிவித்தவற்றில் 12,671-ஐச் சரிபார்த்தபோது ஏறக்குறைய 89 விழுக்காடு பொய். அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று தரும் ஜாயின்ட் கமிஷனுக்கு 2009 ஜனவரி முதல் 2012 ஜூன் வரை அலாரம் தொடர்பாக வந்த 98 நிகழ்வுகளில் 80 மரணத்தில் முடிந்தவை. வரம்பைத் தப்பாக வைத்ததும், ஒலியை அணைத்துவிட்டதும் அவற்றின் காரணங்களில் அடங்கும். ஆகவே இன்னும் உரக்கக் கத்தும் கருவியை வாங்குவது மருந்தாகாது. படுக்கையில் இருப்பவர் யார் என்று பார்த்து வரம்பை வைப்பதே மருந்து.

‘வரம்பைத் தளர்த்தி, உயிர் போனால் யார் பதில் சொல்வது?’ என்ற அச்சம் நியாயமானது. வழக்கும் கைகலப்பும் கண்ட மருத்துவர்கள் அதைக் கேட்கத்தான் செய்வார்கள். பாஸ்டன் மெடிக்கல் சென்டரின் இதய நோய் வார்டு ஒன்றில் வரம்புகளைத் திருத்தியபோது வாரத்துக்கு 87,823 ஆக இருந்த ஒலிகள் 9,967 ஆகக் குறைந்தன. எச்சரிக்கை தவறியதால் யாருக்கும் தீங்கு நேரவில்லை, புதுக்கருவியும் வாங்கவில்லை. வார்டு வேறு, ஐ.சி.யு. வேறு என்பது உண்மைதான். அதனால்தான் எல்லாருக்கும் ஒரே தளர்வு கூடாது என்கிறேன். அட்ரோபின் அளவு மீறினாலும் துடிப்பு எகிறும்; எந்த எண்ணுக்கு மேல் கவலைப்பட வேண்டும் என்பதைக் காலை ரவுண்ட்ஸில் மருத்துவர் முடிவு செய்து கேஸ் ஷீட்டில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். எழுதிவைத்த முடிவு சிஸ்டருக்கும் பாதுகாப்பு. ஓசையைப் பொறுக்கமாட்டாமல் நள்ளிரவில் யாரோ அமுக்கும் ‘சைலன்ஸ்’ பட்டனுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.

‘இருக்கிற ஆள் போதாத இடத்தில் இதுவும் ஒரு வேலையா?’ என்பார்கள். ஆள் குறைந்த இடத்தில்தான் ஒவ்வொரு பொய்க்கூவலும் ஒரு நடையைத் தின்கிறது. யூட்டாவில் 2009-இல் வந்த ஓர் ஆய்வு, ஒலிப்பதற்கு முன் 19 நொடி பொறுத்தாலே பயனற்ற எச்சரிக்கைகளில் மூன்றில் இரண்டு பங்கு மறையும் என்று கணித்தது. (இதயம் நின்றதையும் வென்டிலேட்டர் குழாய் கழன்றதையும் சொல்லும் ஒலிக்கு இந்தப் பொறுமை கூடவே கூடாது.) இதைவிடச் சின்ன வேலையும் உண்டு. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் நெஞ்சில் ஒட்டும் ஈ.சி.ஜி. ஸ்டிக்கரைத் தினமும் மாற்றியதில் படுக்கைக்கு வரும் எச்சரிக்கைகள் 46 விழுக்காடு குறைந்தன. வியர்வையில் பசை விட்டுப்போகும் நம் சித்திரை வெயிலில் அந்த ஸ்டிக்கருக்கு ஸ்டோரில் தினப்படிக் கணக்கில் இண்டென்ட் போடுவது, வென்டிலேட்டர் கேட்டுக் கோப்பு நகர்த்துவதைவிட எளிது.