உங்களுக்குத் தெரியுமா? டாப்சிலிப்பில் ஒரு குட்டி நடை

● பொள்ளாச்சியிலிருந்து சேத்துமடை சோதனைச்சாவடி வழியாக ஏறக்குறைய 35 கிலோமீட்டர் போனால் டாப்சிலிப். வெட்டிய மரங்களை உச்சியிலிருந்து சறுக்கிவிட்ட இடம் என்பது பள்ளிச் சுற்றுலா போன பிள்ளைகளுக்கே தெரியும். சறுக்கிய மரம் எங்கே போனது என்று கேட்டால்தான் பலரும் முழிப்பார்கள். பம்பாய்க் கப்பல் கட்டும் தளத்துக்கு! அங்கே கப்பலுக்குத் தேக்கு வேண்டியிருந்தது. அந்த வேலையைக் கவனிக்க 1848-இல் ஜேம்ஸ் மைக்கேல் என்ற ராணுவ அதிகாரியை இந்தக் காட்டுக்கு அனுப்பியது சென்னை அரசாங்கம்.

● காட்டுக்குள் நடக்க இப்போது முறையான வழி உண்டு. தமிழக அரசின் ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டம் 2024 அக்டோபரில் தொடங்கியது. 14 மாவட்டங்களில் 40 பாதைகள்; எளிது, நடுத்தரம், கடினம் என்று மூன்று தரம். ஆனைமலைப் பக்கம் ஆழியாறு கால்வாய்க்கரை, டாப்சிலிப் – பண்டாரவரை ஆகியவை பட்டியலில் இருக்கின்றன. குழந்தைகுட்டியோடு கிளம்புகிறவர்கள் எத்தனை கிலோமீட்டர் என்று பார்ப்பதற்கு முன்னால் எந்தத் தரம் என்று பாருங்கள். மேடு பள்ளம் இல்லாத ஐந்து கிலோமீட்டரை ஆறு வயதுப் பிள்ளை ஓடியே கடந்துவிடும். செங்குத்தான ஒரு கிலோமீட்டரில் அப்பாவின் தோளில் ஏறிக்கொள்ளும்.

● வழிகாட்டி இல்லாமல் விடமாட்டார்கள். அலுத்துக்கொள்ள வேண்டாம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் இறந்த பிறகுதான் மலையேற்றத்துக்கான விதிகள் இறுகின. தீ அபாயம் உள்ள கோடை மாதங்களில் பாதைகளை மூடிவிடுவதும் அதனால்தான். கோடை விடுமுறைக்குத் திட்டம் போடுகிறவர்கள் திறந்திருக்கிறதா என்று விசாரித்துவிட்டுப் பையைக் கட்டுவது நல்லது.

● தேக்கின் இளந்தளிர் ஒன்று கீழே கிடந்தால் எடுத்து உள்ளங்கையில் வைத்துக் கசக்கிப் பாருங்கள். மருதாணி வைத்ததுபோலக் கை சிவக்கும். மரத்திலிருந்து பறிக்கக் கூடாது, உதிர்ந்ததே போதும். சில இலைகள் நரம்பு மட்டும் மிஞ்சிச் சல்லடையாகத் தொங்கும். ஒரு அந்துப்பூச்சியின் புழு பச்சையை மட்டும் சுரண்டித் தின்றுவிட்டு வலைப்பின்னலை விட்டுவைத்த வேலை அது. வண்டியில் போகிறவருக்கு இதெல்லாம் கண்ணில் படாது. ‘சின்னப் பாதைதானே’ என்று உதட்டைப் பிதுக்குகிறவர்களுக்கு என் பதில் இந்தச் சல்லடை இலைதான்.

● டாப்சிலிப்பில் ஒரு கல்லறை இருக்கிறது. ஹியூகோ வுட் என்ற வனத்துறை அதிகாரியுடையது. கப்பலுக்கும் ரயிலுக்கும் வெட்டி வெட்டி மொட்டையான மலையில் மறுபடி தேக்கை நிற்க வைத்தவர். அடிமரத்தை வேரோடு பிடுங்காமல் விட்டு, அதிலிருந்து தளிர் விடச் செய்தது அவர் கையாண்ட முறைகளில் ஒன்று. சட்டைப்பை நிறையத் தேக்கு விதையோடு நடப்பாராம். கைத்தடியால் மண்ணில் குத்திக் குழி பறித்து, ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போவாராம். இது அந்தப் பக்கத்தில் வழிவழியாகச் சொல்லும் கதை. 1933-இல் இறந்தவர், தன் விருப்பப்படியே இந்தக் காட்டுக்குள் அடக்கமானார். நினைவுச்சின்னம் தேடுகிறவர்கள் சுற்றிலும் பார்த்தால் போதும் என்ற பொருளில் கல்லில் லத்தீன் வரி ஒன்று இருக்கும். லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தைக் கட்டிய கிறிஸ்டோபர் ரென்னின் கல்லறையிலும் இதே வரிதான். அங்கே சுற்றிப் பார்த்தால் கோபுரம், இங்கே தேக்கு. எனக்கென்னவோ வுட்டுக்குத்தான் அந்த வரி கூடுதலாகப் பொருந்துகிறது.

● மழைக்காலத்தில் அட்டை கடிக்கும். கடித்தது தெரியாது, ரத்தம் வழிந்த பிறகுதான் தெரியும். ரத்தம் உறையாமலிருக்க அட்டை தன் எச்சிலில் ஒரு பொருளைக் கலந்து விடுவதால், அது விழுந்த பிறகும் சற்று நேரம் கசியும். பிய்த்து இழுக்காமல் நகத்தால் ஓரமாகத் தள்ளிவிட்டால் போதும். உப்புப் பொட்டலம் ஒன்று பையில் இருந்தால் அம்மாக்களுக்குத் தைரியம். பிள்ளைகள் எப்படியும் ‘எனக்கு மூணு, உனக்கு ரெண்டு’ என்று எண்ணிக்கொண்டிருப்பார்கள்.

● காட்டெருமை என்று நாம் சொல்லும் விலங்கு எருமை வகை அல்ல, மாட்டு வகை. ‘காட்டுமாடு’ என்ற வழக்கே சரி. முழங்காலுக்குக் கீழே நான்கு காலிலும் வெள்ளை உறை மாட்டியதுபோல இருக்கும். பெரிய காளை ஒரு டன் எடைகூட வரும். படம் எடுக்கக் கிட்டே போகவே வேண்டாம்.

● இருவாச்சிப் பறவையில் பெண் மரப்பொந்துக்குள் போய் வாயிலை அடைத்துக்கொள்ளும். ஓர் இடுக்கு மட்டும் திறந்திருக்கும். ஆண் பறவைதான் அத்திப்பழமும் மற்றதும் கொண்டுவந்து அந்த இடுக்கு வழியே ஊட்டும். மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தின் வாழச்சாலில் காடர் பழங்குடியினரே இந்தக் கூடுகளைக் கண்காணிக்கிறார்கள். ஆனைமலையில் காடர், மலசர், மலைமலசர், முதுவர், புலையர், எரவாளர் என ஆறு பழங்குடிகள் வாழ்கிறார்கள்.

● டாப்சிலிப் பக்கத்திலுள்ள கோழிகமுத்தி யானை முகாமின் நட்சத்திரம் கலீம். காட்டு யானைகளைப் பிடிக்கவும் விரட்டவும் 99 களப்பணிகளில் ஈடுபட்ட இந்தக் கும்கி, 2023 மார்ச்சில் வனத்துறையின் அணிவகுப்பு மரியாதையோடு ஓய்வு பெற்றது. சின்னத்தம்பி என்ற காட்டு யானையின் கதை வேறு மாதிரி. 2019 ஜனவரியில் கோவை தடாகத்தில் பிடித்து டாப்சிலிப் பக்கக் காட்டில் கொண்டுவந்து விட்டார்கள். அந்த இடம் அதற்குச் சரிப்படவில்லை. மலையிறங்கி நடந்தது, நடந்தது, உடுமலை வரைக்கும் நடந்து கரும்புக்காட்டில் முகாம் போட்டது. வேடிக்கை பார்க்க ஊரே திரண்டது. விட்டுவிடுங்கள் என்று ஒரு கூட்டம், பிடியுங்கள் என்று விவசாயிகள், நீதிமன்றத்தில் வழக்கு. பிப்ரவரியில் மறுபடி பிடித்து ஆனைமலையிலுள்ள வரகளியாறு முகாமுக்குக் கொண்டுபோனார்கள். பிறகு அதுவே பழகிய கும்கியாகிவிட்டது.

● கேரளத்தின் பரம்பிக்குளத்துக்கு வண்டியில் போக டாப்சிலிப் வழியாகத்தான் போக வேண்டும். அங்கே நிற்கும் கன்னிமாரா தேக்கின் சுற்றளவு சுமார் 7 மீட்டர். ஒரு குடும்பமே கைகோத்தால்தான் கட்டிப்பிடிக்க முடியும். ஆனால் அது கேரள வனத்துறையின் எல்லை. ஆனைப்பாடியில் தனியாகச் சீட்டு வாங்க வேண்டும். காலையிலேயே கிளம்பிவிடுங்கள், இருட்டினால் சோதனைச்சாவடியில் விடமாட்டார்கள்.