மரக்கறியில் எஞ்சிய நஞ்சைக் காட்டும் ஒளி

நேற்று நாசினி தெளித்த கத்தரிக்காயும் நாசினியே படாத கத்தரிக்காயும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். எஞ்சிய நஞ்சைக் கண்ணால் அறிதல் இயலாது. ஆய்வுகூடத்துப் பெருங்கருவிகள் அதனைத் திட்டமாக அளக்கும். ஆயின், முடிவு வருமுன் அக்காய் விற்கப்பட்டு உண்ணப்பட்டும் விடலாம். உண்போருட் கமக்காரரின் பிள்ளைகளும் அடங்குவர். ஆதலின், விரைவிற் சோதிக்கும் முறையொன்றை விஞ்ஞானிகள் ஆராய்ந்து வருகின்றனர்.

மீற்றரின் நூறு கோடியில் ஒரு பங்கு நனோமீற்றர் எனப்படும். சில நனோமீற்றர் அளவேயுள்ள சிலவகைத் துணிக்கைகள், கழியூதாக் கதிர் பட்டதும் நிறவொளி வீசும். இவ்வியல்பு புளோரொளிர்வு எனப்படும். இவற்றுட் குவாண்டம் புள்ளிகள் என்பவை பருமனுக்கேற்ப நிறம் மாறுவன. இவற்றை ஆராய்ந்த பவெண்டி, புரூசு, எக்கிமோவு ஆகிய மூவரும் 2023 ஆம் ஆண்டில் இரசாயனத்துக்கான நோபெற் பரிசைப் பெற்றனர்.

சேதனப் பொசுபேற்று, காபமேற்று ஆகிய இனத்துப் பூச்சிநாசினிகள், பூச்சியின் நரம்பிலுள்ள அசற்றைல்கோலின் எசுத்தரேசு என்னும் நொதியத்தை முடக்கியே அதனைக் கொல்லுகின்றன. மனிதரின் நரம்பிலும் அந்நொதியம் உண்டு. அதனாலேயே அவை நமக்கும் நஞ்சாகின்றன. சோதனைக்கு உதவுவதும் அதுவே. மரக்கறிச் சாற்றுடன் நொதியம், அது சிதைக்கும் பொருள், ஒளிரும் துணிக்கைகள் ஆகியன சேர்க்கப்படும். நஞ்சில்லாவிடின் நொதியம் அப்பொருளைச் சிதைக்கும். சிதைவினால் உண்டாவது துணிக்கையின் ஒளியை மாற்றும். நஞ்சிருப்பின் நொதியம் முடங்கும், ஒளிமாற்றமும் குறையும்.

இம்முறைக்குக் குறைகளும் உள. இலையின் பச்சையமும் ஒளிருமாதலால் சாற்றைத் தூய்தாக்கல் வேண்டும். வெப்பத்தால் நொதியம் கெடும். நாசினியின் பெயரை இச்சோதனை தனித்துக் கூறாது. வேறு வழியிற் தாக்கும் நஞ்சுகளைக் காட்டாது. ஆகவே, ஐயத்துக்குரிய மாதிரியை ஆய்வுகூடத்தில் உறுதிசெய்தல் அவசியம்.

ஒளி நஞ்சைக் காட்டுமேயன்றி அகற்றாது. நீரிற் கழுவினால் மேற்பரப்பிலுள்ளதில் ஒரு பகுதி நீங்கலாம். செடியினுள் ஊடுருவியது நீங்காது. எனவே கமக்காரர் கவனிக்கவேண்டியவை:

1. சிட்டையிற் குறித்த பயிருக்கு, குறித்த அளவிலேயே நாசினியைத் தெளிக்குக.
2. தெளித்த திகதியை எழுதி வைக்குக.
3. கடைசித் தெளிப்புக்கும் அறுவடைக்கும் இடையே சிட்டை விதித்த நாட்கள் கழியுமுன் காய் பறியாதிருக்க.

சந்தையில் விலை ஏறியதென்று அந்நாட்களைக் குறைத்தலாகாது. இன்றைய விலை நாளை மீண்டும் வரும். கெட்ட உடல்நலம் எளிதில் மீளாது.