ஆறு ஊர்களும் அறுபது வழிகளும்

திருத்தணியிலிருந்து ஒரு வேன் அமர்த்தி, முருகனின் மற்ற ஐந்து படைவீடுகளையும் கண்டு திரும்ப எண்ணுகிறீர்கள் என வைத்துக்கொள்வோம். வாடகை கிலோமீட்டர் கணக்கில். எந்த வரிசையில் சென்றால் செலவு குறையும்?

முதலில் செல்ல 5 ஊர்கள், அடுத்து 4, பிறகு 3... ஆக 120 வரிசைகள். எதிர்த்திசையில் சுற்றினாலும் தூரம் அதேதான். எனவே 60 வழிகளைப் பார்த்தால் போதும். ஒரு மாலைப் பொழுது வேலை. ஆனால் ஊர்கள் 30 ஆகிவிட்டால்? 44 எழுதி, பக்கத்தில் 29 சுழிகள் இடுங்கள், அத்தனை வழிகள்! நொடிக்கு 100 கோடி வழிகளைப் பார்க்கும் கணிப்பொறியும், ஒவ்வொன்றாகப் பார்த்து முடிக்கப் பேரண்டத்தின் வயதைப்போல் 10,000 மடங்கு காலம் எடுக்கும்.

ஆகவே மிகச் சிறந்த விடை என்ற பிடிவாதத்தைத் தளர்த்தி, நல்ல விடையை விரைவில் தரும் உத்திகளை வகுக்கிறார்கள். எளிய உத்தி, அருகிலுள்ள ஊருக்கே அடுத்துச் செல்வது. திருத்தணி, சுவாமிமலை, பழமுதிர்சோலை, திருப்பரங்குன்றம், பழனி, திருச்செந்தூர் என்று அது நம்மை அழைத்துப்போகும். ஒவ்வோர் அடியும் சிக்கனம். கடைசியில் திருச்செந்தூரிலிருந்து தமிழகத்தின் வடகோடிக்கு ஒரே ஓட்டம்! வரைபடத்தில் நேர்கோடுகளாக அளந்தால் மொத்தம் சுமார் 1,290 கி.மீ. பழனியையும் திருச்செந்தூரையும் மட்டும் இடம் மாற்றுங்கள்: சுமார் 1,190. நூறு கிலோமீட்டர் மிச்சம்.

இப்படி இரண்டிரண்டு ஊர்களாக மாற்றிப் பார்த்து, தூரம் குறைந்தால் ஏற்றுக்கொள்வது அடுத்த உத்தி. இதிலும் ஒரு பொறி உண்டு. ஊர்கள் பலவானால், எந்த ஒரு மாற்றமும் தூரத்தைக் கூட்டவே செய்யும் நிலை வரும். ஆனால் இதைவிடக் குறுகிய வழி வேறெங்கோ இருக்கும். பள்ளத்தில் விழுந்தவன் மேலேறாமல் அடுத்த பள்ளத்தாக்கைக் காண முடியுமா?

இதற்கு விடை இயற்பியலிலிருந்து வந்தது (எனக்கு இதில் கொஞ்சம் பெருமைதான்). பித்தளைப் பாத்திரம் தட்டுவோர், தகடு இறுகியதும் அதைச் சூடாக்குவார்கள். வெப்பத்தில் அணுக்கள் இடம் மாறிச் சீரடைகின்றன. 1983இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் கிர்க்பாட்ரிக், கெலாட், வெச்சி மூவரும் இதையே கணக்கில் புகுத்தினர். தூரம் கூடினாலும் சில வேளை மாற்றத்தை ஏற்றுக்கொள்; எவ்வளவு தாராளமாக என்பதை ஒரு 'வெப்பநிலை' முடிவு செய்யட்டும் என்றனர். வெப்பநிலை 100 எனில், 100 கி.மீ. கூட்டும் மாற்றத்தை நூற்றுக்கு 37 தடவை ஏற்போம். அதை 20க்கு இறக்கினால் ஆயிரத்துக்கு 7 தடவைதான்.

எவ்வளவு மெதுவாகக் குளிர்விப்பது? இதற்குப் பொதுச் சூத்திரம் எதுவும் கைகொடுப்பதில்லை. அவசரப்பட்டால் பழைய பள்ளமே. மிக நிதானித்தால் நேரம் வீண். நீங்கள் ஒரு முறையை வகுத்தால், முதலில் நம் ஆறு ஊர்களிலேயே ஓட்டிப் பாருங்கள். அறுபது விடைகளும் கையில் இருப்பதால், அது எங்கே ஏமாந்தது என்பது உடனே தெரிந்துவிடும்.