கனரக வண்டி ஓட்டுநர் பணி: ஊதியம், பயிற்சி, உடல்நலம்

நம் நாட்டில் இடம்பெயரும் சரக்கில் பெரும்பகுதியைச் சாலைகளே சுமக்கின்றன. துறைமுகத்தில் இறங்கும் பெட்டகமும் வயலிலிருந்து சந்தைக்குப் போகும் வெங்காயமும் ஏதேனும் ஒரு கட்டத்தில் லாரியில் ஏறியே தீர வேண்டும். ஆயினும், நாமக்கல், சங்ககிரி முதல் தில்லியின் சஞ்சய் காந்தி டிரான்ஸ்போர்ட் நகர் வரை, வண்டி உரிமையாளர்கள் சொல்லும் குறை ஒன்றே: வண்டி இருக்கிறது, ஓட்ட ஆள் இல்லை. மறுபுறம், வேலை தேடும் இளைஞர் பலர் இப்பணியை எண்ணிப் பார்க்கவே தயங்குகின்றனர். இவ்விரு தரப்பினரும் நம் வாடிக்கையாளர்களுள் இருக்கின்றனர். இப்பணியின் வருவாய், பயிற்சி, உடலுழைப்பு ஆகியவற்றை இருவரும் தெளிவாக அறிவது நன்று.

உரிமம் பெறும் வழி

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி, போக்குவரத்து வாகனம் ஓட்டுவதற்குக் குறைந்தபட்ச வயது 20. அதற்கான பழகுநர் உரிமம் பெறுமுன், இலகுரக வாகன உரிமத்தை ஓராண்டேனும் வைத்திருக்க வேண்டும். எட்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும் என்ற பழைய விதி 2019இல் நீக்கப்பட்டது. கல்வித் தகுதி இல்லையென்று ஒதுங்கி நின்றவர்களுக்கு இது கதவைத் திறந்தது. கனரக உரிமத்தை ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். எரிவாயு, அமிலம் போன்ற அபாயகரமான சரக்கை ஏற்றுவோர் தனிப் பயிற்சி பெற்று, மூன்றாண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.

2021 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, அங்கீகாரம் பெற்ற ஓட்டுநர் பயிற்சி மையங்களில் கனரக வாகனப் பயிற்சி ஆறு வாரங்களில் 38 மணி நேரம் அளிக்கப்படுகிறது. அங்குத் தேர்ச்சி பெறுவோருக்கு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் மீண்டும் ஓட்டுநர் தேர்வு நடத்தப்படுவதில்லை.

படிப்படியாக முன்னேற விரும்புவோருக்கு இன்னொரு வழியும் உண்டு. மொத்த எடை 7,500 கிலோவுக்கு மிகாத சரக்கு வண்டியை இலகுரக உரிமத்தைக் கொண்டே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் உறுதிசெய்தது. நகருக்குள் ஓடும் சிறு சரக்கு வண்டியில் ஓரிரு ஆண்டுகள் பழகிவிட்டு, அதன்பின் கனரக வண்டிக்குச் செல்வது செலவு குறைந்த வழியாகும்.

மறைந்துவரும் பயிற்சிக்களம்

முன்பு இத்தொழிலைக் கற்பித்தது ஓட்டுநருக்குத் துணையாகச் செல்லும் கிளீனர் வேலையே. தார்ப்பாய் கட்டுவதும், டயரைத் தட்டிப் பார்த்துக் காற்றின் அளவை அறிவதும், மலைப்பாதை இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பாமல் கியரைக் குறைத்து வண்டியை அடக்குவதும் அவ்வாறு சில ஆண்டுகளில் கைவந்தன. இன்று செலவைக் குறைக்கும் நோக்கில் பல வண்டிகள் கிளீனர் இன்றியே செல்கின்றன. தேசிய அனுமதி பெற்ற வண்டிகளில் இரண்டு ஓட்டுநர் இருக்க வேண்டும் என்ற விதியும் 2018இல் தளர்த்தப்பட்டது.

இதனால் புதியவருக்குச் சாலையிலேயே அருகிருந்து கற்பிக்க ஆளில்லாத நிலை உருவாகியுள்ளது. 38 மணி நேரப் பயிற்சி வண்டியை ஓட்டக் கற்பிக்கும். முழுச் சுமையோடு மழையில் செல்லும் வண்டி நிற்க எவ்வளவு தொலைவு எடுத்துக்கொள்ளும் என்பது அனுபவத்தால்தான் விளங்கும். ஆகவே, முதல் மூன்று மாதங்களேனும் மூத்த ஓட்டுநர் ஒருவருடன் அனுப்பும் நிறுவனம், சற்றுக் குறைந்த ஊதியம் தந்தாலும், புதியவருக்கு ஏற்றது. உரிமையாளருக்கும் இது இழப்பன்று. ஒரு விபத்தின் செலவு சில மாத ஊதியத்தைவிட மிக அதிகம்.

ஊதியம் அமையும் முறை

லாரி ஓட்டுநரின் வருவாய் பெரும்பாலும் இரண்டு பகுதிகளைக் கொண்டது. ஒன்று மாதச் சம்பளம். மற்றொன்று ஓடும் தொலைவுக்கோ நடைக்கோ கிடைக்கும் பேட்டா. சில இடங்களில் சம்பளமே இன்றி வாடகையில் ஒரு பங்கு தரப்படுவதுண்டு. புறப்படும்போது டீசல், சுங்கம், வழிச்செலவு ஆகியவற்றுக்கு முன்பணம் தரப்பட்டு, திரும்பியதும் கணக்குப் பார்க்கப்படும். டீசல் நிர்ணயித்த அளவை மீறினால் அதை ஓட்டுநரின் தொகையில் பிடித்துக்கொள்வோரும் உள்ளனர்.

இம்முறையில் மறைந்திருக்கும் இடர்ப்பாட்டை ஒரு கணக்கால் விளக்கலாம். தொகைகள் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை. மாதச் சம்பளம் 10,000 ரூபாய், கிலோமீட்டருக்குப் பேட்டா 3 ரூபாய் என்று கொள்வோம். ஒரு மாதத்தில் 7,000 கிலோமீட்டர் ஓடினால் பேட்டா 21,000, மொத்தம் 31,000. வெளியூரில் 26 நாள் உணவுக்கு, நாளொன்றுக்கு 300 வீதம் 7,800 கழித்தால், வீட்டுக்கு 23,200 ரூபாய் மிஞ்சும். அதே மாதத்தில் சரக்கு ஏற்றவும் இறக்கவும் சில நாட்கள் காத்திருந்து 5,000 கிலோமீட்டர் மட்டுமே ஓடினால் மொத்தம் 25,000. உணவுச் செலவோ குறைவதில்லை. மிஞ்சுவது 17,200. கிடங்கு வாயிலில் நிகழும் தாமதத்தின் விலையான 6,000 ரூபாயை ஓட்டுநரே சுமக்கிறார். இழந்த தொகையை ஈடுகட்ட இரவெல்லாம் ஓட்ட முற்படுவதும் இதன் விளைவே. எனவே, காத்திருப்பு நாளுக்கும் பேட்டா உண்டா என்பதே வேலையில் சேருமுன் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

உடல் தாங்க வேண்டியவை

உரிமத்துக்கு விண்ணப்பிக்கையில் படிவம் 1ஏ மருத்துவச் சான்று வேண்டும். 25 மீட்டர் தொலைவிலிருந்து வண்டியின் எண்பலகையைப் படிக்க முடிகிறதா, சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடிகிறதா, மாலைக்கண் உண்டா, வலிப்பு நோய் உண்டா ஆகியவற்றை மருத்துவர் சோதித்துச் சான்றளிப்பார். இதை வெறும் சடங்காகக் கருதலாகாது.

பவர் ஸ்டீயரிங் வந்தபின் கைகளின் பாரம் குறைந்துள்ளது. எனினும், சக்கரத்துடன் சேர்த்து நூறு கிலோ எடையை நெருங்கும் டயரை மாற்றுவதும், சுமையின் மேலேறித் தார்ப்பாயை இழுத்துக் கட்டுவதும் இன்றும் உடல்வலிமை வேண்டும் வேலைகளே. மணிக்கணக்கில் அமர்ந்திருப்பதாலும் இருக்கையின் அதிர்வாலும் இடுப்புவலி வருகிறது. நேரம் தவறிய உணவாலும் உடற்பயிற்சியின்மையாலும் நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் வரலாம். எஞ்சின் வெப்பத்தில் ஓட்டும் நிலையை மாற்ற, 2025 அக்டோபர் 1 முதல் தயாரிக்கப்படும் நடுத்தர, கனரக லாரிகளின் ஓட்டுநர் அறையில் குளிர்சாதனம் கட்டாயமாக்கப்பட்டது. பழைய வண்டிகளுக்கு இது பொருந்தாது.

எல்லாவற்றிலும் பெரிய பகை தூக்கமின்மை. பின்னிரவு 2 மணி முதல் 5 மணி வரை உடல் இயல்பாகவே உறக்கத்தை நாடும். தேநீர் அதைச் சிறிது நேரம் தள்ளிவைக்குமேயன்றித் தீர்க்காது. 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வேலை நேரத்தை வரையறுத்தது. நெடுந்தொலைவு வழித்தடங்களில் ஒப்புதலுடன் 10 மணி, 54 மணி வரை இடமளித்தது. அச்சட்டத்தை உள்ளடக்கிய 2020ஆம் ஆண்டின் தொழிலாளர் விதித்தொகுப்பிலும் நாளுக்கு 8 மணி என்பதே அடிப்படை. சட்டம் அறிந்த ஓட்டுநரால்தான் ஓய்வைக் கேட்டுப் பெற முடியும்.

வங்கிக் கணக்கும் காப்பும்

ஊதியத்தை ரொக்கமாகப் பெறும் ஓட்டுநர், பத்தாண்டு உழைத்தபின்னும் தம் வருவாய்க்குச் சான்று காட்ட இயலாமல் நிற்க நேரும். சம்பளமும் பேட்டாவும் சேமிப்புக் கணக்கில் வரவானால், பின்னாளில் கடனுக்கு அதுவே அடிப்படை. சொந்தமாகச் சிறு சரக்கு வண்டி வாங்க விரும்புவோருக்கு முத்ரா கடன் திட்டம் உதவும்.

18 முதல் 50 வயதினர் ஆண்டுக்கு 436 ரூபாய் செலுத்திப் பிரதமரின் ஜீவன் ஜோதி திட்டத்தில் 2 லட்சம் ரூபாய் ஆயுள் காப்பும், 18 முதல் 70 வயதினர் ஆண்டுக்கு 20 ரூபாய் செலுத்திச் சுரக்ஷா திட்டத்தில் 2 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பும் பெறலாம். இரண்டிலும் சேர்ந்தவர் மே மாத இறுதியில் கணக்கில் 456 ரூபாய் இருப்பு வைத்திருந்தால் காப்பு தடையின்றித் தொடரும். பயணத்தில் இருக்கும் ஓட்டுநர் இதை மறந்துவிடக்கூடும். வீட்டில் இருப்போர் நினைவில் கொள்வது நலம்.

சேருமுன் கேட்டறிய வேண்டியவை

1. சம்பளம், பேட்டா, காத்திருப்புத் தொகை ஆகியவை எழுத்தில் தரப்படுமா?
2. டீசல் அளவை நிர்ணயிப்பவர் யார்? மிகுந்தாலும் குறைந்தாலும் கணக்கு என்ன?
3. முதல் சில மாதங்கள் மூத்த ஓட்டுநர் உடன் வருவாரா?
4. வருங்கால வைப்பு நிதி, தொழிலாளர் அரசுக் காப்பீடு உண்டா?
5. வண்டியின் காப்பீடும் தகுதிச் சான்றும் நடப்பில் உள்ளனவா?
6. மாதத்தில் எத்தனை நாள் வீட்டில் இருக்கலாம்?

இக்கேள்விகளுக்குத் தயங்காமல் விடை சொல்லும் உரிமையாளரிடம் சேர்வது பாதுகாப்பானது. ஓட்டுநர் கிடைக்கவில்லை என்று வருந்தும் உரிமையாளர்களும் இவற்றுக்கான விடைகளை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளலாம். வந்த ஓட்டுநர் நிலைப்பதற்கு அது துணைசெய்யும்.