கணினி ஓடுகிறது, கடை ஓடவில்லை: ஏபிஐகளை ஏன் கண்காணிக்க வேண்டும்?

2023ஆம் ஆண்டு அக்டோபர் 14, சனிக்கிழமை பிற்பகல். சிங்கப்பூரில் டிபிஎஸ், சிட்டிபேங்க் வாடிக்கையாளர்கள் பலரால் வங்கிச் செயலிக்குள் நுழைய முடியவில்லை. ஏடிஎம் இயந்திரங்களிலும் கோளாறு. கையில் ரொக்கம் வைத்திருக்காதவர்கள் பாடு திண்டாட்டம்தான்.

இரு வங்கிகளும் பயன்படுத்திய ஒரு தரவு நிலையத்தில் குளிரூட்டும் கட்டமைப்பு செயலிழந்ததே தொடக்கம். மறுநாள் அதிகாலைக்குள் சுமார் 2.5 மில்லியன் கட்டண, ஏடிஎம் பரிவர்த்தனைகள் நிறைவேறாமல் போயின. மின்னிலக்க வங்கித் தளங்களுக்குள் நுழையச் செய்யப்பட்ட 810,000 வரையிலான முயற்சிகள் தோல்வியடைந்தன.

அறை சூடாகிவிட்டது, சரி. மாற்று நிலையம் எதற்கு இருக்கிறது?

அது இருந்தது. இரு வங்கிகளும் உடனே அதற்கு மாற முயன்றன. ஆனால் டிபிஎஸ் வங்கியில் கட்டமைப்பு இணைப்பு தவறாக அமைக்கப்பட்டிருந்தது. சிட்டிபேங்கிலும் இணைப்புச் சிக்கல். இயந்திரம் தயாராக இருந்தது. இயந்திரத்துக்கும் இயந்திரத்துக்கும் நடுவில் இருந்த இடம்தான் காலை வாரிவிட்டது.

பெரிய நிறுவனங்களின் மென்பொருள் உலகில் அந்த நடு இடத்தைப் பார்த்துக்கொள்வதே தனித் தொழில். அதில் நாம் தினமும், தெரியாமலே, தொட்டுக்கொண்டிருக்கும் பகுதியின் பெயர் ஏபிஐ.

அது என்ன ஏபிஐ?

‘செயலி நிரலாக்க இடைமுகம்’ என்று முழுப் பெயரை யாரும் சொல்வதில்லை. ஏபிஐ-ன்னே சொல்வோம். ஒரு மென்பொருள் இன்னொரு மென்பொருளிடம் கேள்வி கேட்டுப் பதில் வாங்கும் முறை அது. என்ன கேட்கலாம், எப்படிக் கேட்க வேண்டும், பதில் எந்த வடிவில் வரும் என்பது முன்கூட்டியே எழுதி வைக்கப்பட்டிருக்கும்.

பேருந்து எப்போ வரும் என்று செயலியில் பார்க்கிறீர்கள் அல்லவா? நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ‘டேட்டாமால்’ தளம் அந்தத் தகவலை ஏபிஐ வழியாகத் தருகிறது. செயலி 5 இலக்க நிறுத்த எண்ணை அனுப்பும். அடுத்த மூன்று பேருந்துகளின் உத்தேச நேரம் திரும்பி வரும். கூடவே கூட்டம் எப்படி என்பதற்கு ஒரு மூன்றெழுத்துச் சொல்லும் வரும். எஸ்இஏ என்றால் உட்கார இடமுண்டு. எஸ்டிஏ என்றால் நிற்க இடமுண்டு. எல்எஸ்டி என்றால் நெரிசல், அடுத்ததைப் பாருங்கள். பல செயலிகளில் நாம் பார்க்கும் பச்சை, மஞ்சள், சிவப்பு நிறங்களுக்குப் பின்னால் இருப்பது இந்த மூன்றெழுத்துதான்.

அந்தத் தகவலைப் பெற ஒரு சாவி வேண்டும், இலவசமாகவே. ஆனாலும் யார் கேட்கிறார் என்று ஆணையத்துக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஏபிஐ நிர்வாகம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

சிங்பாஸ் வழியாக ‘மைஇன்ஃபோ’ உங்கள் பெயரையும் முகவரியையும் படிவத்தில் தானாக நிரப்புவதும் ஏபிஐதான். 2020 டிசம்பரில் அறிமுகமான ‘எஸ்ஜிஃபின்டெக்ஸ்’ இன்னும் ஒரு படி மேலே. வங்கிக் கணக்கு, மசேநி, வீவக கடன் ஆகிய விவரங்களை, நீங்கள் சம்மதித்தால், ஒரே இடத்துக்குக் கொண்டுவரும். எஸ்ஜிஃபின்டெக்ஸ் அந்த விவரங்களைத் தன்னிடம் சேமித்து வைப்பதில்லை, கடத்திவிடுவதோடு சரி. டிபிஎஸ் 2017 நவம்பரில் தன் ஏபிஐ தளத்தைத் தொடங்கியபோதே அதில் 150க்கும் மேற்பட்ட ஏபிஐகள் இருந்தன.

நூற்றைம்பது கதவுகள். எந்தக் கதவு திறந்திருக்கிறது, யார் உள்ளே போகிறார், எது துருப்பிடித்துவிட்டது? இதை யாரும் நினைவில் வைத்துக்கொள்ள முடியாது.

நடுவில் ஒரு வாசல்

முன்பெல்லாம் ஒரு நிறுவனத்தில் விற்பனைக் கணினியைக் கணக்குக் கணினியோடு இணைக்க வேண்டுமென்றால் ஒருவர் உட்கார்ந்து அதற்கென்றே நிரல் எழுதுவார். பிறகு கிடங்கோடு, பிறகு சம்பளப் பிரிவோடு. பத்துக் கட்டமைப்புகளை ஒவ்வொன்றாக ஒன்றோடொன்று இணைத்தால் 45 இணைப்புகள் வரும். எழுதியவர் வேலையை விட்டுப் போனதும் எது எதோடு சேர்ந்திருக்கிறது என்று சொல்ல ஆளிருக்காது.

நிறுவன ஒருங்கிணைப்பு மென்பொருள் அந்தச் சிக்கலுக்குப் பிறந்த பதில். எல்லாரும் நடுவிலுள்ள ஒரு தளத்தோடு மட்டும் பேசினால் போதும். அது உரியவரிடம் கொண்டு சேர்க்கும், மொழி வேறென்றால் மாற்றியும் கொடுக்கும். இந்தச் சந்தையில் புழங்கும் பணம் சாதாரணமல்ல. ஏபிஜீ நிறுவனத்தைக் கூகள் 2016ல் 625 மில்லியன் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. மியூல்சாஃப்டைச் சேல்ஸ்ஃபோர்ஸ் 2018ல் சுமார் 6.5 பில்லியன் டாலருக்கு வாங்கியது. வெப்மெத்தட்ஸ் 2024ல் ஐபிஎம் வசம் போனது. இதே துறையில் உலகெங்கும் வாடிக்கையாளர்களைக் கொண்ட டபிள்யூஎஸ்ஓ2, 2005ல் இலங்கையில் தொடங்கப்பட்ட நிறுவனம்.

பெயர்கள் வேறு, வாசல் செய்யும் வேலை ஏறக்குறைய ஒன்றுதான். சாவியைச் சரிபார்க்கும். ஒருவரே நிமிடத்துக்கு ஆயிரம் முறை தட்டினால் ‘429’ என்ற எண்ணைத் திருப்பி அனுப்பும். அதாவது, “போதும், கொஞ்சம் பொறு” என்று பொருள். பழைய வடிவத்தை எப்போது மூடப்போகிறோம் என்று பயன்படுத்துவோருக்கு முன்கூட்டியே சொல்லும். வந்த ஒவ்வொரு கேள்வியையும் பதிவேட்டில் எழுதும்.

‘கட்டணம் செலுத்து’ பொத்தானை நீங்கள் பொறுமையிழந்து இரண்டு முறை அழுத்தினாலும் பணம் ஒரு முறைதானே போகிறது? ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனி எண் கொடுத்து, அதே எண் மறுபடி வந்தால் முதல் பதிலையே திருப்பித் தரும் ஏற்பாடு அது. எல்லாக் கட்டமைப்பிலும் அது இருக்கிறது என்று நம்பிவிட வேண்டாம். யாராவது நினைவாகச் செய்து வைத்தால்தான் உண்டு.

எல்லாம் பச்சை, ஆனால் தேநீர் வரவில்லை

இனி, பல நிறுவனங்கள் கோட்டைவிடும் இடத்துக்கு வருவோம். ஒரு குமிழித் தேநீர்க் கடையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். தீவு முழுக்க 20 கிளைகள். செயலியில் ஆர்டர் செய்தால் கட்டணச் சேவைக்குப் போகும், அங்கிருந்து கிளையின் அடுப்பறைத் திரைக்கு, பிறகு கையிருப்புக் கணக்குக்கு.

ஒரு வியாழக்கிழமை இரவு செயலியைப் புதுப்பிக்கிறார்கள். ‘கிளை எண்’ என்று போய்க்கொண்டிருந்த விவரத்தின் பெயர் கொஞ்சம் மாறிவிடுகிறது. மறுநாள் காலை அடுப்பறை ஏபிஐ அந்தப் பெயரைத் தேடுகிறது, காணவில்லை. பிழை என்று கத்துவதற்குப் பதிலாக, எந்தக் கிளையையும் சேராத ஆர்டர் என்று ஓரமாக வைத்துவிட்டு ‘200’ என்று பதில் சொல்கிறது. ‘200’ என்றால் ‘எல்லாம் நல்லபடி முடிந்தது’.

தகவல் தொழில்நுட்பப் பிரிவின் திரையில் எல்லாம் பச்சை. இயந்திரங்கள் சூடாகவில்லை. பதில் வரும் வேகம் நன்றாக இருக்கிறது. சொல்லப்போனால் வழக்கத்தைவிட நன்றாக. வேலை நடக்காத இடத்தில் வேகத்துக்கு என்ன குறை! வாடிக்கையாளர்கள் பணம் கட்டுகிறார்கள், தேநீர் வரவில்லை. முதலில் கண்டுபிடிப்பவர் பொறியாளர் அல்ல, முகப்பில் நிற்கும் பகுதிநேர ஊழியர். அவரிடம்தான் எல்லாரும் கத்துவார்கள்.

இதைப் பிடிக்க என்ன வேண்டும்? வணிகக் கணக்கைப் பார்க்கும் ஒரு கண். கட்டணம் முடிந்த ஆர்டர்கள் எத்தனை, அடுப்பறை ஏற்ற ஆர்டர்கள் எத்தனை? இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் ஐந்து நிமிடத்துக்கு மேல் கூடிக்கொண்டே போனால் மணி அடிக்கட்டும். அவ்வளவுதான். இதற்கு மாயமந்திரம் தேவையில்லை. ஆனால் கட்டணமும் அடுப்பறையும் இரு வேறு குழுக்களின் பொறுப்பில் இருந்தால் அந்தக் கழித்தல் கணக்கைப் போட யாருக்கும் தோன்றாது. ஒருங்கிணைப்புத் தளம் நடுவில் உட்கார்ந்திருப்பதால் இரண்டு எண்ணிக்கையும் அதன் வழியாகவே போகின்றன. வணிகச் செயல்பாட்டைக் கண்காணிக்கும் கருவிகளை இந்தத் தளங்களோடு சேர்த்து விற்பதற்குக் காரணம் இதுதான்.

எது வழக்கம் என்பதையும் கருவி தெரிந்து வைத்திருக்க வேண்டும். விடியற்காலை 4 மணிக்கு ஆர்டர் பூஜ்யம் என்றால் பரவாயில்லை. வெள்ளிக்கிழமை மாலை 6 மணிக்குப் பூஜ்யம் என்றால் ஏதோ உடைந்திருக்கிறது.

சராசரியை நம்பாதீர்கள்

‘எங்கள் ஏபிஐ சராசரியாக 1.2 விநாடியில் பதில் தருகிறது’ என்று ஓர் அறிக்கை வந்தால் உடனே தலையாட்ட வேண்டாம். 100 கேள்விகளில் 95க்கு 0.2 விநாடியிலும் 5க்கு 20 விநாடியிலும் பதில் வந்தால் சராசரி கிட்டத்தட்ட 1.2 விநாடிதான். அந்த ஐந்து பேர் 20 விநாடி காத்திருக்க மாட்டார்கள். வேறு செயலிக்குப் போய்விடுவார்கள். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் மிக மெதுவான 5 விழுக்காட்டையும் 1 விழுக்காட்டையும் தனியாகப் பார்க்கிறார்கள்.

மெதுவானது எங்கே என்று தேடுவதற்கும் வழியிருக்கிறது. பலதுறை மருந்தகத்தில் ஒரு வரிசை எண் கொடுத்தால் பதிவு, மருத்துவர், மருந்து என எல்லா இடத்திலும் அதே எண்ணைத்தானே காட்டுகிறீர்கள்? அதுபோல ஒவ்வொரு கோரிக்கையும் உள்ளே நுழையும்போதே ஓர் அடையாள எண்ணைப் பெறும். எங்கே எவ்வளவு நேரம் நின்றது என்பதைப் பின்னர் அந்த எண்ணை வைத்தே தொடரலாம்.

மணி எதற்கெடுத்தாலும் அடித்தாலும் ஆபத்துதான். இரவில் பத்து முறை பொய்யாக எழுப்பினால் பதினோராவது முறை எவரும் எழ மாட்டார்.

மறந்துபோன கதவு

இதுவரை சொன்னது வியாபாரம் நிற்பது பற்றி. இன்னொன்று உண்டு: எதுவுமே நிற்காமல், சத்தமே இல்லாமல் தரவு வெளியேறுவது.

2022 செப்டம்பரில் சிங்டெல்லுக்குச் சொந்தமான ஆஸ்திரேலியத் தொலைத்தொடர்பு நிறுவனம் ஆப்டஸ் இணையத் தாக்குதலுக்கு உள்ளானது. சுமார் 9.5 மில்லியன் பேரின் தனிப்பட்ட விவரங்கள் பாதிக்கப்பட்டன. ஆஸ்திரேலியத் தொடர்பு, ஊடக ஆணையம் 2024ல் கூட்டரசு நீதிமன்றத்தில் தாக்கல் செய்த ஆவணம் சொல்லும் கதையைக் கவனியுங்கள். 2018ல் ஏற்பட்ட ஒரு நிரல் பிழையால் ஓர் ஏபிஐயின் நுழைவுக் கட்டுப்பாடு பலவீனமானது. அந்த ஏபிஐக்கு இரண்டு இணைய முகவரிகள். 2021ல் முதன்மை முகவரியில் பிழையைத் திருத்திவிட்டார்கள். பயன்பாடின்றிக் கிடந்த மற்றொன்றை யாரும் கவனிக்கவில்லை. அது இணையத்தில் திறந்தே இருந்தது. தாக்குதலுக்குப் பெரிய நிபுணத்துவம் தேவைப்படவில்லை, எளிமையான முயற்சிகளே போதுமானதாக இருந்தன என்பது ஆணையத்தின் வாதம்.

ஒரு பழுதை ஒரு கதவில் சரிசெய்துவிட்டு அதே பழுதுள்ள பக்கத்துக் கதவை விட்டுவிடுவது, கதவுகளின் பட்டியல் கையில் இல்லாத எந்த நிறுவனத்திலும் நடக்கக்கூடியது. ஏபிஐ நிர்வாகத்தில் சலிப்பூட்டும் வேலை என்று பலர் தள்ளிப்போடுவது அந்தப் பட்டியலைத்தான். எவை இருக்கின்றன, யார் பொறுப்பு, கடைசியாக எப்போது பயன்பட்டது, எப்போது மூட வேண்டும்? என்னைக் கேட்டால் பளபளக்கும் திரைகளுக்கு முன்னால் செலவழிக்க வேண்டியது அதில்தான்.

கண்காணிப்பே கசிவாக மாறுவதும் உண்டு. வந்த கேள்வி முழுவதையும் பதிவேட்டில் எழுதினால் அடையாள அட்டை எண்ணும் தொலைபேசி எண்ணும் அதில் உட்கார்ந்துவிடும். பதிவேட்டைப் படிக்கும் அனுமதி பெரும்பாலும் வாடிக்கையாளர் தரவைப் பார்க்கும் அனுமதியைவிடத் தாராளமாகத் தரப்படுகிறது. எழுதுமுன் அந்த எண்களை மறைப்பது வாசலின் வேலை.

யார் பதில் சொல்வது?

சிங்கப்பூரில் வங்கிகளுக்கு விதி தெளிவாக இருக்கிறது. முக்கியக் கட்டமைப்பு எதுவும் 12 மாதத்தில் மொத்தமாக 4 மணி நேரத்துக்கு மேல் எதிர்பாராமல் முடங்கக்கூடாது. 2023ல் அடுத்தடுத்து ஏற்பட்ட தடங்கல்களுக்குப் பிறகு, அத்தியாவசியமற்ற தகவல் தொழில்நுட்ப மாற்றங்களை ஆறு மாதத்துக்கு நிறுத்திவைக்குமாறு டிபிஎஸ் வங்கிக்குச் சிங்கப்பூர் நாணய ஆணையம் உத்தரவிட்டது. அப்போதைய தலைமை நிர்வாகியின் மாறுசம்பளம் 30 விழுக்காடு வெட்டப்பட்டது.

நம் கற்பனைத் தேநீர்க் கடையைக் கேட்க அப்படி ஓர் ஆணையம் இல்லை. அங்கே அந்தக் கழித்தல் கணக்கைப் போடச் சொல்லிக் கேட்க வேண்டியவர் உள்ளேயே ஒருவராகத்தான் இருக்க முடியும். அவர் பொறியாளராக இருக்க வேண்டியதில்லை. விற்பனைப் பிரிவில் பயிற்சிக்குச் சேர்ந்த மாணவர்கூட முதல் வாரக் கூட்டத்தில் கேட்கலாம்: “நேற்று பணம் கட்டியவர்களில் எத்தனை பேருக்குத் தேநீர் போய்ச் சேர்ந்தது? அந்த எண் எந்தத் திரையில் இருக்கு?”